நல்லது, நியாயம், புண்ணியம்: தென்காசி – குற்றால வட்டார வழக்கில் நற்பண்புச் சொற்களின் பொருளும் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

மனிதரின் நற்பண்பைக் குறிக்க அறம், ஒழுக்கம், சான்றாண்மை முதலான சொற்கள் தமிழ் இலக்கிய வழக்கில் நிலைபெற்றுள்ளன. மக்களின் அன்றாடப் பேச்சில் இவற்றின் இடத்தை நல்லது, நியாயம், தர்மம், புண்ணியம், யோக்கியம், நாணயம், ஈரம் முதலான சொற்கள் ஏற்றுள்ளன. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் வழங்கும் இச்சொற்கள் எவ்வெப் பொருளில், யாரைக் குறித்து, யாரால் ஆளப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நற்பண்புச் சொற்கள் சமூக நிலைக்கு ஏற்பப் பங்கிடப்பட்டுள்ளன என்பதும், அவற்றுள் 'நியாயம்' ஒன்றே கீழிருந்து மேல்நோக்கி எழுப்பப்படும் வினாவாகப் பயன்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

திறவுச்சொற்கள்: அறம், தர்மம், நல், நியாயம், புண்ணியம், ஒழுக்கம், தென்காசி வட்டார வழக்கு, சொற்பொருளியல்.

1. முன்னுரை

ஒரு சமூகம் எதை நன்று என மதிக்கிறது என்பதை அதன் நீதி நூல்களைக் கொண்டு அறிவது ஒரு வழி. அச்சமூகத்தார் ஒருவரையொருவர் பாராட்டும்போதும் பழிக்கும்போதும் வாழ்த்தும்போதும் கெஞ்சும்போதும் ஆளும் சொற்களைக் கொண்டு அறிவது மற்றொரு வழி. தமிழில் முதல் வழியில் நடந்த ஆய்வுகள் மிகப் பல. திருக்குறளின் அறத்துப்பால் 38 அதிகாரங்களும் பதினெண்கீழ்க்கணக்கின் நீதி நூல்களும் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன. ஆயினும் அறம் என்னும் சொல்லைத் தம் அன்றாடப் பேச்சில் ஒருமுறைகூட ஆளாத ஒருவர், நாள்தோறும் நன்று தீது பற்றிய தீர்ப்புகளை வழங்கிக்கொண்டுதான் இருக்கிறார். அத்தீர்ப்புகள் எச்சொற்களில் அமைகின்றன என்னும் வினாவுக்கு நூல்கள் மட்டும் விடை தருவதில்லை.

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஆரியங்காவுக் கணவாயின் வாயிலில் அமைந்த இப்பகுதியில் நெல்லைத் தமிழ் பேசப்படுகிறது. இதன் ஒரு பகுதியாகிய செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூருடனும் அதன் வழிவந்த திருவிதாங்கூர்–கொச்சியுடனும் இணைந்திருந்தமையால் மலையாளத் தொடர்பும் மிகுதி. சைவ வைணவக் கோயில்களும், கிறித்தவ ஊர்களும், கடையநல்லூர், பொட்டல்புதூர் போன்ற இசுலாமிய மரபு வலுவாக உள்ள ஊர்களும் அருகருகே அமைந்துள்ளன. ஒரே சொல் பல சமயத்தாரிடம் பல பொருளில் வழங்குவதைக் காண்பதற்கு இது ஏற்ற களமாகும்.

இக்கட்டுரைக்கு இவ்வட்டாரப் பேச்சுவழக்குத் தொடர்களே முதன்மைச் சான்றுகள். தென்காசிப் பாண்டியர் காலக் கல்வெட்டு, அகராதி, அலுவலகப் பெயர்கள் ஆகியன துணைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

2. அறம்: கல்வெட்டிலிருந்து அலுவலகம் வரை

அறம் என்னும் சொல்லை 'அறு' என்னும் வினையடியோடு இணைத்து, வரையறுக்கப்பட்டது எனப் பொருள் கூறுவர். பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்தார். இம்மூன்றுள் 'வழக்கு' இன்று நீதிமன்றத்துக்குரிய சொல்லாகவும் மொழிப் பயன்பாட்டுக்குரிய சொல்லாகவும் பிரிந்து நிற்கிறது. 'தண்டம்' வீண் செலவையும் பயனற்ற மனிதரையும் குறிக்கும் வசைச் சொல்லாகிவிட்டது. இவ்விரண்டையும் இன்று யாரும் அறத்தின் பகுதிகளாக உணர்வதில்லை.

இடைக்காலக் கல்வெட்டுகளில் அறம் என்பது பெரும்பாலும் அருவமான பண்பைக் குறிப்பதில்லை. குளம், நந்தவனம், விளக்கு, அன்னதானம், தண்ணீர்ப்பந்தல் என நிறுவப்பட்ட கொடையே அங்கு அறம் எனப்படுகிறது. முப்பத்திரண்டு அறங்கள் என மரபு வகுத்த பட்டியலிலும் செய்து முடித்துக் காட்டத்தக்க செயல்களே மிகுதியாக உள்ளன. ஆகவே அறத்தைக் 'காத்தல்' என்பது முன்னோர் செய்த கொடையைச் சிதையாமல் பேணுதல் என்னும் பொருளிலேயே வழங்கியது.

இதற்குத் தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலே சிறந்த சான்று. இக்கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன் (ஆட்சிக்காலம் 1422–1463) தன் கூற்றாகவே பாடல்களைப் பொறித்து வைத்துள்ளான். எதிர்காலத்தில் இக்கோயிலுக்கு எதிர்பாராத குறை நேர்ந்தால், வந்து அதனைச் சரிசெய்து காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாக அவன் கூறுகிறான். இக்கருத்தில் இரு செய்திகள் சொற்பொருள் நோக்கில் கருதத்தக்கன. முதலாவது, கட்டடத்துக்கு நேரும் சிதைவை அவன் 'குற்றம்' என்னும் சொல்லால் சுட்டுகிறான். மனிதரின் பிழைக்கும் கல்லின் பிளவுக்கும் அன்று ஒரே சொல் போதுமானதாக இருந்தது. இரண்டாவது, காப்பவர் இன்னார் ஆதல் வேண்டும் என்னும் வரையறை அங்கு இல்லை. அரசன் தலைவணங்குவது செயலை நோக்கியே அன்றிச் செய்பவரின் குடியை நோக்கி அன்று. சிதைந்திருந்த அக்கோயிலின் கோபுரம் பின்னாளில் மீண்டும் எழுப்பப்பட்டு 1990-இல் குடமுழுக்குக் கண்டது.

இன்று அறம் என்னும் சொல் இவ்வட்டாரத்தில் பெரும்பாலும் பெயர்ப்பலகைகளில் வாழ்கிறது. இந்து சமய அறநிலையத் துறை, அறங்காவலர் குழு, அறக்கட்டளை ஆகிய தொடர்களில் அது நிறுவனச் சொல்லாக நிற்கிறது. தர்மகர்த்தா என்னும் பழைய பதவிப் பெயருக்கு அறங்காவலர் என்பது தனித்தமிழ் வடிவமாக நிலைபெற்றது. எனினும் முதியோர் பேச்சில் தர்மகர்த்தாவே இன்றும் தொடர்கிறார். ஒரு மனிதரைப் பார்த்து 'அறமானவர்' என்று எவரும் கூறுவதில்லை. அவர் 'நல்ல மனுசன்', 'நியாயஸ்தன்', 'தங்கமான ஆளு' என்றே கூறப்படுகிறார். இலக்கிய வழக்கின் தலைமைச் சொல் பேச்சில் மனிதரைத் தழுவாமல் நிறுவனத்தைத் தழுவி நிற்பது இவ்வாய்வின் முதல் காட்சியாகும்.

3. தர்மம்: கொடையாகக் குறுகிய சொல்

வடமொழியில் மிக விரிந்த பொருளுடைய தர்மம் என்னும் சொல், தென்காசிப் பேச்சில் முதன்மையாகக் கொடையையே குறிக்கிறது. கோயில் வாயிலில் அமர்ந்திருப்போர் 'தர்மம் போடுங்க' என்று வேண்டுவர். கட்டணமின்றி மருத்துவம் பார்க்கும் அரசு மருத்துவமனையை முந்தைய தலைமுறையினர் 'தர்மாஸ்பத்திரி' என்றனர். ஊரார் கூடி ஒருவரை அடிப்பதைத் 'தர்ம அடி' என்பது நகைப்புக் கலந்த வழக்கு. கேட்காமலே, விலையில்லாமலே கிடைத்த அடி என்பது அதன் உட்பொருள். இருபுறமும் தள்ளமுடியாத நிலையைக் குறிக்கும் 'தர்மசங்கடம்' என்னும் தொடரில் மட்டும் கடமை என்னும் பழைய பொருள் எஞ்சியுள்ளது. அதுவும் இன்று 'கூச்சமான நிலை' என்ற அளவில் மெலிந்துவிட்டது.

திருவிதாங்கூர் மரபில் இச்சொல் அரசியல் எடை கொண்டது. கார்த்திகைத் திருநாள் இராமவர்மா (1758–1798) தர்மராஜா என்றே அழைக்கப்பட்டார். சாதி வரம்பைக் காப்பதும் தர்மம் எனப்பட்ட அதே அரசில்தான், 1936 நவம்பர் 12 அன்று ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியிடப்பட்டது. அன்று அவ்வரசின் எல்லைக்குள் இருந்த செங்கோட்டைப் பகுதிக்கும் அது உரியதாயிற்று. தடுப்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட சொல்லே திறப்பதற்கும் சான்றாயிற்று. ஒரு சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனை ஆளும் உரிமை யாரிடம் உள்ளது என்பதும் தீர்மானிக்கிறது என்பதற்கு இது வரலாற்றுச் சான்று.

கொடைக்குரிய சொல்லாகத் தர்மம் குறுகியதால், அச்சொல்லில் கொடுப்பவர் மேலும் பெறுபவர் கீழுமாக ஒரு நிலைவேறுபாடு தங்கிவிட்டது. 'தர்மம் வாங்கிப் பிழைக்கலை' என்று ஒருவர் சினந்து கூறும்போது, அவர் தம் தன்மதிப்பைக் காப்பது அச்சொல்லை மறுப்பதன் வழியேயாகும். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம் தன் பெயரில் 'சேவை' என்னும் சொல்லைக் கொண்டுள்ளமை இவ்விடத்து ஒப்பிடத்தக்கது. சேவை என்பது செய்பவரைப் பணிபுரிபவராக வைக்கிறது. தர்மம் என்பது அவரைக் கொடையாளராக வைக்கிறது.

4. 'நல்ல': தகுதி, மங்கலம், பண்பு

பேச்சுவழக்கில் நற்பண்பைக் குறிக்கும் சொற்களுள் மிகுதியாக ஆளப்படுவது 'நல்' என்னும் அடியிலிருந்து பிறந்த சொற்குடும்பமாகும். இதன் பொருள்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, பயன்பாட்டுத் தகுதி. குடிக்கத்தக்க நீர் 'நல்ல தண்ணி'; துவைக்கவும் புழங்கவும் மட்டும் உதவுவது 'உப்புத் தண்ணி'. எள்ளின் நெய் நல்லெண்ணெய். தென் மாவட்டங்களில் மிளகை 'நல்லமிளகு' என்பர்; மலையாளத்திலும் இதே வழக்கு உண்டு. இத்தொடர்களில் 'நல்ல' என்பது ஒழுக்கத்தைக் குறிக்கவில்லை. உடலுக்கு உகந்தது, வகையில் சிறந்தது என்னும் பொருளைத் தருகிறது.

இரண்டாவது, மங்கலம். 'நல்ல நாள்', 'நல்ல நேரம்', 'நல்ல காரியம்' ஆகியவற்றில் இப்பொருளே உள்ளது. திருமணம், காதணி விழா, புதுமனை புகுதல் ஆகியன நல்ல காரியங்கள். இறப்பு 'கெட்டது' எனப்படும். கடியுண்டோர் உயிரிழக்கும் அளவுக்கு நஞ்சுடைய நாகத்தை 'நல்ல பாம்பு' என்பதும் அஞ்சத்தக்கதை மங்கலமாகக் கூறும் வழக்கே.

மூன்றாவது, பண்பு. 'அவுக ரொம்ப நல்லவுக' என்பது மனிதரின் இயல்பு பற்றிய தீர்ப்பு.

இம்மூன்றையும் இணைக்கும் பாலமாக 'நல்லது கெட்டது' என்னும் தொடர் அமைகிறது. 'நல்லது கெட்டதுக்கு முன்னால நிப்பாரு' என்று ஒருவரைப் பாராட்டும்போது, திருமணத்துக்கும் இறப்புக்கும் வந்து உடன்நிற்பவர் என்பது நேர்ப்பொருள். ஆகவே அவர் நல்லவர் என்பது கருத்துப்பொருள். இவ்வட்டாரத்தில் ஒருவரின் நற்பண்பு அவர் உள்ளத்தில் என்ன கருதுகிறார் என்பதைக் கொண்டு அளக்கப்படுவதைக் காட்டிலும், பிறர் வீட்டு நிகழ்வில் எங்கே நின்றார் என்பதைக் கொண்டே பெரிதும் அளக்கப்படுகிறது.

சமயங்கள் இவ்வடிச்சொல்லுக்குப் புதுப்பொருள்களைச் சேர்த்துள்ளன. கத்தோலிக்கக் கிறித்தவர் நற்கருணை பெறுவதை 'நன்மை வாங்குதல்' என்பர். சிறுவர் அதனை முதன்முதலாகப் பெறும் நிகழ்வு 'புதுநன்மை' எனப்படும். தமிழ் பேசும் இசுலாமியரிடம் 'நன்மை' என்பது நற்செயலுக்கு இறைவன் அளிக்கும் பயனைக் குறித்து, எண்ணத்தக்க பேறாக வழங்குகிறது. இந்துக்கள் 'புண்ணியம்' என்பதனை அவர்கள் 'நன்மை' என்று கூறுகின்றனர். ஒரே தெருவில் மூவர் 'நன்மை' என்னும்போது மூன்று பொருள்கள் உடன்வாழ்கின்றன. கேட்போர் சூழல் அறிந்து பிழையின்றிப் பொருள்கொள்கின்றனர்.

5. பொருள்கள் மோதும் இடம்

ஒரு சொல் பல பொருள் தருவது இயல்பு. ஆயினும் ஒரு பொருள் மற்றொன்றின் இடத்தை மறைமுகமாகக் கவரும்போது அச்சொல் மனிதரைப் புண்படுத்தும் கருவியாகிறது. கணவரை இழந்த பெண்ணை 'நல்ல காரியத்தில்' முன்னிற்க விடாமல் ஒதுக்கும் வழக்கம் இதற்குச் சான்று. அதே பெண்ணைப் பற்றி அதே உறவினர் 'ரொம்ப நல்லவ' என்று கூறத் தயங்குவதில்லை. இங்கே பண்பு என்னும் பொருளில் நல்லவளாகிய ஒருத்தி, மங்கலம் என்னும் பொருளில் நல்லது அல்லாதவளாக ஆக்கப்படுகிறாள். இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதால், ஒதுக்குவோருக்குத் தாம் அநீதி இழைக்கும் உணர்வு எழுவதில்லை. நல்லதன் பொருட்டே அவ்வாறு செய்வதாக அவர்கள் கருதுகின்றனர்.

'நல்ல குடும்பம்', 'நல்ல இடம்' என்னும் தொடர்களும் இத்தகையவை. மணமகள் தேடும் பேச்சில் 'நல்ல இடம்' என்பது பெரும்பாலும் சாதியும் செல்வமும் பொருந்தியது என்பதைக் குறிக்கிறது. அக்குடும்பத்தார் பண்புடையவரா என்பது தனியே விசாரித்து அறியப்படுவது. பண்புச் சொல்லைப் பிறப்புக்கு உடுத்தும் இவ்வழக்கம் புதியதன்று. மேன்மக்கள், கீழ்மக்கள் என்னும் பழைய இணையும் இத்தகைய இருபொருள் கொண்டதே. இதற்கு மறுதலையாக, பண்புச் சொல்லைக் கொண்டே பிறப்பின் இழிவைத் துடைக்கும் முயற்சியும் தென் மாவட்ட வரலாற்றில் உண்டு. நாடார் சமூகத்தார் தம் மதிப்பு மீட்பில் 'சான்றோர்' என்னும் சொல்லோடு தமக்குள்ள உறவை முன்வைத்தனர். பண்பைக் குறிக்கும் சொல் சமூகப் போராட்டத்தில் உரிமைச் சொல்லாக மாறியதன் எடுத்துக்காட்டு இது.

பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த தென்காசிப் பாண்டியர் மரபின் அதிவீரராம பாண்டியன் இயற்றிய வெற்றிவேற்கையில், இவ்விரு போக்குகளும் அருகருகே உள்ளன. அந்நூல் அரசர், வணிகர், உழவர் எனப் பிரிவுபிரிவாக அவரவர்க்கு உரிய சிறப்பை 'அழகு' என்னும் சொல்லால் வகுக்கிறது. பின்னர்ப் பிறப்பைக் காட்டிலும் கல்வியே ஒருவரை உயர்த்தும் என்னும் கருத்தையும் வலியுறுத்துகிறது. நிலைக்கு ஏற்ற நற்பண்பு, நிலையைக் கடந்த நற்பண்பு என்னும் இரு கருத்துகளும் இவ்வட்டாரத்தின் நீதி நூலிலேயே இடம்பெற்றுள்ளன.

6. சொற்களின் பங்கீடு

வெற்றிவேற்கை 'அழகு' என வகுத்ததைப் போன்றே பேச்சுவழக்கும் நற்பண்புச் சொற்களை ஆளுக்கேற்பப் பங்கிட்டுள்ளது. வணிகரின் நற்பண்பு 'நாணயம்'. சுரண்டை, பாவூர்சத்திரம் போன்ற காய்கறிச் சந்தை ஊர்களில் 'நாணயமான ஆளு' என்பது எழுதாத கடன் பத்திரத்துக்கு ஒப்பாகும். காசைக் குறிக்கும் சொல்லே வாக்குத் தவறாமையையும் குறிப்பது, செல்லாத காசு போலச் செல்லாத வாக்கும் கைமாறாது என்னும் சந்தை அறிவைக் காட்டுகிறது. வீட்டிலும் கடையிலும் வேலை செய்வோரின் நற்பண்பு 'கைச்சுத்தம்'. அலுவலரின் நற்பண்பு 'நேர்மை'. செல்வரின் நற்பண்பு 'பெரிய மனசு'. பண்ணையாளின் நற்பண்பு 'விசுவாசம்', 'மரியாதை'.

பெண்களுக்கும் மாணவர்க்கும் உரியதாக ஒதுக்கப்பட்டது 'ஒழுக்கம்'. ஒழுகு என்னும் வினையிலிருந்து பிறந்த இச்சொல், இடையறாது ஒரே நெறியில் ஓடுதல் என்னும் நீரின் இயல்பை மனித நடத்தைக்கு ஏற்றியது. பேச்சில் அவ்வினை இன்று கூரைக்கும் குடத்துக்கும் மட்டுமே உரியது. சாரல் காலத்தில் 'வீடு ஒழுகுது' என்பர். பெயர்ச்சொல்லோ கட்டுப்பாடு என்னும் பொருளில் இறுகிவிட்டது. 'ஒழுக்கமா இரு' என்பது எச்சரிக்கை. 'ஒழுக்கம் கெட்டவ' என்பது ஒரு பெண்ணின் மீது மட்டும் முழு எடையோடு விழும் பழி. பொய்க்கணக்கு எழுதும் வணிகரையோ கையூட்டுப் பெறும் அலுவலரையோ இச்சொல்லால் யாரும் பழிப்பதில்லை. அறத்தின் முதற்கூறாக உரையாசிரியர் வைத்த சொல், மனித நடத்தை முழுவதையும் தழுவிய நிலையிலிருந்து உடலைக் காவல்செய்யும் நிலைக்குச் சுருங்கியுள்ளது.

'யோக்கியம்' இப்பங்கீட்டில் தனித்து நிற்பது. தகுதி என்னும் வடமொழிப் பொருளுடைய இச்சொல் தமிழில் நேர்மை என்னும் பொருளைப் பெற்றது. பொருந்துவதே நல்லது என்னும் கருத்து 'நல்ல தண்ணி'யில் கண்டதைப் போலவே இங்கும் செயற்படுகிறது. ஆயினும் இச்சொல் உடன்பாட்டில் ஆளப்படுவது அருகிவிட்டது. 'யோக்கியன் வர்றான், சொம்பை எடுத்து உள்ளே வை' என்னும் பழமொழி, தன்னைத் தானே நல்லவன் என்று கூறிக்கொள்பவனை ஊர் எவ்வளவு ஐயத்தோடு பார்க்கிறது என்பதைக் காட்டும். எதிர்மறையாகிய 'அயோக்கியன்' மட்டும் தன் கூர்மையை இழக்கவில்லை.

7. புண்ணியம், பாவம், ஈரம்

குற்றாலத்தில் சாரல் பருவத்தில் அருவிக்கரையில் கூட்டம் நெருக்கும்போது, 'அண்ணாச்சி, செத்த வழிவிட்டா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்' என்னும் வேண்டுகோள் இயல்பாக எழும். இங்குப் புண்ணியம் என்பது மறுமைக் கணக்கைக் காட்டிலும், கைம்மாறு தரமுடியாத ஒருவர் தரும் உறுதிமொழியாகும். 'என்னால் திருப்பித் தர இயலாது. வேறெங்கிருந்தோ உமக்குக் கிடைக்கும்' என்பதே அதன் பொருள். 'நல்லா இருப்பே' என்னும் வாழ்த்தும் இதனோடு ஒத்தது. மறுபுறம் 'அலைஞ்சும் ஒரு புண்ணியமும் இல்லை' என்னும்போது அச்சொல் வெறும் பயன் என்னும் பொருளுக்கு இறங்குகிறது.

பாவம் என்னும் சொல் இதனினும் வியப்புக்குரிய பொருள்மாற்றம் பெற்றுள்ளது. தீவினையைக் குறித்த சொல், 'ஐயோ பாவம்' என்னும் தொடரில் துன்புறுவோர் மீதான இரக்கத்தைக் குறிக்கிறது. 'பாவப்பட்டவங்க' என்றால் தீங்கு செய்தவர் அல்லர், ஏழை எளியோர். மலையாளத்திலும் பாவம் என்பது எளிய, தீங்கற்ற மனிதரைக் குறிப்பதால், எல்லைப்புற ஊர்களில் இப்பொருள் இருமொழிக்கும் பொதுவாக உள்ளது. துன்பம் முன்வினையின் பயன் என்னும் கருத்தே இம்மாற்றத்துக்கு அடிப்படையாக இருந்திருக்கலாம். ஆயினும் பேச்சு அக்கருத்தைத் தலைகீழாக்கியுள்ளது. பாவம் என்னும் சொல் இன்று துன்புறுபவரைக் குற்றஞ்சாட்டுவதில்லை. பார்ப்பவரை உதவ அழைக்கிறது.

'ஈரம்' என்பது இவ்வட்டாரத்தின் நில இயல்போடு இயைந்த சொல். 'நெஞ்சுல ஈரமில்லாதவன்' என்னும் பழிப்பில், பண்டை இலக்கியத்தில் அன்பைக் குறித்த ஈரம் பொருள் மாறாமல் வாழ்கிறது. நூல்வழக்கும் பேச்சுவழக்கும் பிரியாமல் இணைந்து நிற்கும் மிகச் சில நற்பண்புச் சொற்களுள் இதுவும் ஒன்று. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், தமிழின் உயிர் மக்கள் பேச்சில் உள்ளது என்று வற்புறுத்தியதை நினைவுகூர இச்சொல் ஏற்ற சான்றாகும்.

8. நியாயம்: கீழிருந்து எழும் வினா

மேற்கூறிய சொற்களுள் பெரும்பாலானவை மேலிருந்து கீழ்நோக்கியோ, சமநிலையிலோ வழங்கப்படுவன. முதலாளி வேலையாளைக் 'கைச்சுத்தமானவன்' என்பார். வேலையாள் முதலாளியை அவ்வாறு கூறமுடியாது. 'புண்ணியவான்', 'பெரிய மனசு' ஆகியன கீழிருந்து மேலே செல்பவை எனினும், அவை புகழ்ச்சியாகவோ வேண்டுகோளாகவோ மட்டும் செல்வன, கேள்வியாகச் செல்வதில்லை.

'நியாயம்' இதற்கு விலக்கு. 'இது நியாயமாய்யா?' என்று கூலியாள் நிலவுடைமையாளரைக் கேட்கலாம். மருமகள் மாமியாரைக் கேட்கலாம். மகன் தந்தையைக் கேட்கலாம். மரியாதை விகுதியை விடாமலே எதிர்ப்பை முன்வைக்க இச்சொல் இடம் தருகிறது. கேட்கப்பட்டவர் 'நியாயம் எனக்கு வேண்டாம்' என்று மறுக்க இயலாது; தம் செயல் நியாயமே என்று விளக்கம் தரவேண்டிய கட்டாயம் அவர்மீது விழுகிறது. தர்மத்தை வேண்டுகிறோம், புண்ணியத்தைச் சுட்டுகிறோம். நியாயத்தை மட்டும் 'கேட்கிறோம்'. 'நியாயம் கேட்டுப் போனோம்' என்னும் தொடரில் கேட்டல் என்னும் வினை உரிமையைக் குறிப்பது காண்க.

இச்சொல்லின் எதிர்மறை மற்றொரு திசையில் விரிந்துள்ளது. 'அநியாய விலை', 'அநியாய வெயில்' என்னும்போது அளவு மீறியது என்னும் பொருள் மேலோங்குகிறது. 'அநியாயத்துக்கு நல்லவன்' என்னும் வழக்கில் நல்ல தன்மைகூட அளவு மீறினால் நியாயத்துக்குப் புறம்பானதாகிறது. தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதவன் என்னும் பரிவும் ஏளனமும் அதில் கலந்துள்ளன. அளவே நியாயத்தின் உள்ளீடு என்பதை 'நியாயவிலைக் கடை' என்னும் அரசுப் பெயரும் உறுதிப்படுத்துகிறது. எடையும் விலையும் சரியாக இருத்தல் என்னும் கண்கூடான அளவுகோலை இச்சொல் தன்னுள் கொண்டிருப்பதால்தான், கல்லாதவரும் அதனை அச்சமின்றி ஆளமுடிகிறது.

9. முடிவுரை

இவ்வட்டார வழக்கில் அறம் நிறுவனத்தையும், தர்மம் கொடையையும், ஒழுக்கம் கட்டுப்பாட்டையும் குறிக்கும் சொற்களாகக் குறுகியுள்ளன. நல்ல என்னும் சொல் தகுதி, மங்கலம், பண்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிப்பதால், மங்கலத்தின் பெயரால் பண்புடையோர் ஒதுக்கப்படும் நிலைக்கு இடம் தருகிறது. நற்பண்புச் சொற்கள் தொழில், பால், சமூக நிலை ஆகியவற்றுக்கு ஏற்பப் பங்கிடப்பட்டுள்ளன. நியாயம் மட்டும் அப்பங்கீட்டைக் கடந்து யாரும் யாரையும் கேட்கத்தக்க சொல்லாக நிற்கிறது.

இம்முடிவு கல்விக்கும் உரியது. திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் ஆகியவற்றின் 108 அதிகாரங்களையும் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016-இல் நெறிப்படுத்தியது. தென்காசி மாவட்டப் பள்ளியில் பயிலும் மாணவி ஒருத்தி அறம் என்னும் சொல்லை வகுப்பறையில் கற்கிறாள். வீட்டில் தனக்கும் உடன்பிறந்தானுக்கும் இடையே வேறுபாடு காட்டப்படும்போது 'இது என்ன நியாயம்?' என்று கேட்கிறாள். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை என்பதை ஆசிரியர் எடுத்துக்காட்டாவிடில் முதற்சொல் தேர்வுக்கு உரியதாக நின்றுவிடும்; இரண்டாவது சொல் அடங்காமை எனக் கண்டிக்கப்படும். அறநூல் கற்பித்தலில் வட்டாரப் பேச்சின் நற்பண்புச் சொற்களை உடன்வைத்து விளக்குதல் இதனாலேயே இன்றியமையாததாகிறது. இப்பங்கீடு பிற மாவட்டங்களிலும் ஈழத்தமிழ் வழக்கிலும் எவ்வாறு அமைந்துள்ளது என்பது மேலாய்வுக்கு உரியது.